குரூட் கான்ஸ்டான்ஷியா: ஒரு பண்ணை வீடும் அது கைமாறி வந்த கதையும்

கேள்வி இது: தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் உள்ள குரூட் கான்ஸ்டான்ஷியா என்ற ஒயின் பண்ணையின் வீட்டை "1685-ல் டச்சு கவர்னர் சைமன் வான் டெர் ஸ்டெல் கட்டியது" என்று சொல்வது சரியா? அவருக்குப் பிறகு அது யார் யார் கையில் இருந்தது?

நிலம் அவர் வாங்கியது. வீட்டின் சுவர்களில் ஒரு பகுதியும் அவர் காலத்தைச் சேர்ந்தது. ஆனால் இன்று படங்களில் காணும் அந்த வெள்ளை முகப்பும் வடிவமும் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து ஹென்ட்ரிக் கிளோட்டே என்பவர் கொடுத்தவை. அவர் போட்ட கூரையும் உள் மரவேலையும் 1925-ல் எரிந்துபோயின. இப்போது இருப்பவை அதற்குப் பின் செய்த மறுசீரமைப்பு. ஆக, ஒரே வீட்டில் மூன்று காலம் இருக்கிறது. எது எந்தக் காலத்தது என்று பிரித்தறிய வேண்டுமானால் உரிமையாளர் வரிசை தெரிந்தாக வேண்டும். அதனால் தாய்ப்பத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1685-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறப்பு ஆணையராக ஹென்ட்ரிக் அட்ரியான் வான் ரீட நன்னம்பிக்கை முனைக்கு, சுருக்கமாகக் கேப்புக்கு, வந்தார். மலபாரில் கம்பெனியின் தலைவராக இருந்து, அந்த மண்ணின் தாவரங்களை 12 தொகுதிகளாகத் தொகுப்பித்தவர் இவர்தான். கேப்பிலிருந்து கிளம்பி இலங்கை, வங்காளம், சோழமண்டலக் கரை என்று கணக்கு வழக்குகளைச் சோதித்துக்கொண்டே போனார். சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது அவருடைய முடிவால்தான். அந்த நீண்ட பயணத்தின் முதல் நிறுத்தத்தில், கேப்பின் தளபதியாக இருந்த சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்கு 891 மோர்கன் நிலத்தை முழு உரிமையாக எழுதிக்கொடுத்தார். ஒரு மோர்கன் என்பது ஏறக்குறைய 0.86 ஹெக்டேர். எனவே மொத்தம் 763 ஹெக்டேர், நம் கணக்கில் 1,880 ஏக்கருக்கு மேல். அந்தக் காலத்தில் கேப்பில் ஒரு சாதாரணக் குடியேறிக்குக் கிடைத்ததைப் போலப் பல மடங்கு இது.

அதே வருகையின்போது அதே வான் ரீட கம்பெனியின் அடிமைகளுக்கான விதிகளையும் எழுதினார். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அடிமை 30 ஆண்டு உழைத்த பின்னரே விடுதலை கேட்கலாம் என்பது அதில் ஒன்று. கான்ஸ்டான்ஷியாவின் பட்டாவும் இந்த விதியும் ஒரே ஆண்டில் ஒரே கையிலிருந்து வந்தவை. பண்ணையின் வரலாற்றைப் படிப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிலம் மட்டும் கிடைத்திருந்தால் அங்கே ஒரு திராட்சைக் கொடிகூட நட்டிருக்க முடியாது.

வான் டெர் ஸ்டெல் 1639-ல் மொரீஷியஸுக்குப் போகும் கப்பலில் பிறந்தவர். தந்தை அட்ரியான் அந்தத் தீவின் தளபதியாக இருந்து, பின்னர் இலங்கைக்குப் போய் 1646-ல் அங்கே கொல்லப்பட்டார். தாய் மரியா லீவன்ஸ், விடுதலை பெற்ற மோனிக்கா என்ற இந்திய அடிமைப் பெண்ணின் மகள். கேப்பில் வெள்ளையர் ஆட்சியின் பெருமைச் சின்னமாகப் பின்னாளில் கொண்டாடப்பட்ட மனிதரின் பாட்டி இந்தியக் கரையைச் சேர்ந்தவர். வான் டெர் ஸ்டெல் 1679-ல் தளபதியாகக் கேப்புக்கு வந்தார், 1691-ல் கவர்னர் ஆனார், 1699-ல் பதவியை மகன் வில்லெம் அட்ரியானிடம் விட்டுவிட்டுப் பண்ணையிலேயே தங்கினார். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவருடைய விவசாய அறிவு தெரிகிறது. சிதைந்த கருங்கல் மண், நல்ல வடிகால். கோடையில் ஃபால்ஸ் விரிகுடாவிலிருந்து வரும் கடற்காற்று வெயிலின் கடுமையைக் குறைத்து, பழத்தை நிதானமாகப் பழுக்க வைக்கிறது.

அவருடைய வீடு இரண்டு மாடி கொண்டது என்று அங்கே வந்து போனவர்கள் எழுதிவைத்தார்கள். இன்றைய வீடோ பெரிய பரணோடு கூடிய ஒரே தளம். இந்த முரண்பாட்டை வைத்தே "பழைய வீடு இடிக்கப்பட்டதா, மாற்றப்பட்டதா" என்று நீண்ட காலம் விவாதம் நடந்தது. விடை எப்படிக் கிடைத்தது என்பதைத் தீ விபத்தைப் பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

1712-ல் வான் டெர் ஸ்டெல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1716-ல், தோட்டம் மூன்றாகப் பிரித்து விற்கப்பட்டது: வீட்டோடு சேர்ந்த குரூட் கான்ஸ்டான்ஷியா, கிளைன் கான்ஸ்டான்ஷியா, பெர்க்ஃப்ளீட். இங்கே ஒரு பெரிய குழப்பம் காத்திருக்கிறது. அன்று கிளைன் கான்ஸ்டான்ஷியா என்று அழைக்கப்பட்ட துண்டு பின்னாளில் "ஹோப் ஓப் கான்ஸ்டான்ஷியா" ஆனது. இன்று கிளைன் கான்ஸ்டான்ஷியா என்ற பெயரில் ஒயின் விற்கும் பண்ணை 1823 அளவில் குரூட் கான்ஸ்டான்ஷியாவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட வேறொரு நிலம். 18-ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் "கிளைன் கான்ஸ்டான்ஷியா" என்று வந்தால் அது இன்றைய கிளைன் கான்ஸ்டான்ஷியாவைக் குறிக்காது. இதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட பண்ணை வரலாறுகளில் இரண்டு குடும்பங்களின் கதைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன.

குரூட் கான்ஸ்டான்ஷியாவை வாங்கியவர் கேப்டன் ஓலோஃப் பெர்க், ஸ்வீடனில் பிறந்தவர். மூழ்கிய போர்ச்சுகீசியக் கப்பலிலிருந்து சரக்கு மீட்கப் போன இடத்தில் கொஞ்சத்தைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டதற்காகச் சிறையும் இலங்கைக்கு நாடுகடத்தலும் அனுபவித்து, 1695-ல் திரும்பிவந்து மறுபடி உயர்ந்தவர். ஆனால் இந்த வரிசையில் அவரைவிட முக்கியமானவர் அவர் மனைவி அன்னா டி கோனிங். அன்னாவின் தாய் வங்காளத்து ஆஞ்செலா 1650-களில் கேப்புக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, முதல் தளபதி வான் ரீபேக்கின் வீட்டில் வேலை செய்து, 1666-ல் குழந்தைகளோடு விடுதலை பெற்றவர். ஆக அன்னா அடிமையாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1678-ல் பெர்க்கை மணந்தார். 1724-ல் பெர்க் இறந்ததும் குரூட் கான்ஸ்டான்ஷியா அன்னாவின் பெயருக்கு வந்தது. 1734-ல் இறக்கும் வரை பத்து ஆண்டுகள் அந்த நிலத்துக்கு அவரே உரிமையாளர். அந்தப் பத்து ஆண்டுகளில் அவரும் அடிமைகளை வைத்திருந்தார். இரண்டு உண்மையும் ஒரே வாழ்க்கையில்தான் நடந்தன. அதை மெருகூட்டாமல் அப்படியே சொல்வதுதான் அவருக்கு நாம் செய்யும் நியாயம். சுற்றுலாக் கையேடுகள், சிறையிருந்தபோது இந்த ஒயினைப் பெற்ற நெப்போலியனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை அன்னாவுக்கு ஒதுக்கினால் எவ்வளவோ நல்லது.

அடுத்த துண்டிலும் இதே போன்ற கதைதான். அன்றைய கிளைன் கான்ஸ்டான்ஷியா திருமணம் வழியாக யோஹான்னஸ் கோலைனிடம் வந்தது. அவருடைய தாய் மரியா எவெர்ட்ஸ், ஆப்பிரிக்க அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினப் பெண், சொந்த நிலம் வைத்திருந்தவர். 1720-கள், 30-களில் கான்ஸ்டான்ஷியா என்ற பெயரை ஐரோப்பியச் சந்தையில் நிலைநாட்டியது இந்தக் கோலைனின் ஒயின். குரூட் கான்ஸ்டான்ஷியா அந்தப் புகழில் பின்னர்தான் சேர்ந்துகொண்டது.

அன்னாவுக்குப் பிறகு 1734-ல் கார்ல் கியோர்க் வீசர், 1759-ல் யாகோபஸ் வான் டெர் ஸ்பை, 1778-ல் சில மாதங்கள் மட்டும் யான் செர்ரூரியே. வீசர் கோலைனோடு சேர்ந்து கம்பெனிக்கு ஒயின் கொடுத்தவர். வான் டெர் ஸ்பை காலத்தில் பண்ணை தளர்ந்தது. இந்த இடைப்பட்டவர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை.

இவ்வளவு சீக்கிரம் சீக்கிரமாக ஏன் கைமாறியது? காரணம் சட்டத்தில் இருக்கிறது. கேப்பில் ரோமன்-டச்சு வாரிசுச் சட்டம். கணவன் மனைவி சொத்து பொதுவானது. ஒருவர் இறந்தால் பாதி உயிரோடு இருப்பவருக்கு, மீதிப் பாதியில் ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. மூத்த மகனுக்கே முழுப் பண்ணை என்ற ஆங்கிலேய வழக்கம் அங்கே இல்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பண்ணையைப் பத்தாகப் பிரிக்க முடியாது. ஒயின் பண்ணைக்குக் கிடங்கு, பீப்பாய், பிழியும் தொட்டி எல்லாம் ஒன்றாக இருந்தாக வேண்டும். எனவே விற்று, பணத்தைப் பங்கு போடுவார்கள். அல்லது ஒரு மகன் கடன் வாங்கி மற்றவர்களின் பங்கை அடைத்து, வாழ்நாள் முழுக்க அந்தக் கடனைச் சுமப்பார். கேப் பண்ணைகள் பலவற்றில் ஒரு தலைமுறைக்குள் பெயர் மாறுவதற்கும், பட்டியலில் விதவைகள் அடிக்கடி வருவதற்கும் இதுவே காரணம்.

1778-ல் குரூட் கான்ஸ்டான்ஷியா ஹென்ட்ரிக் கிளோட்டேயிடம் வந்தது. ஸ்டெல்லன்போஷ் பகுதியின் நூய்ட்கெடாக்ட் பண்ணைக்காரர், வசதியானவர், தொழில் தெரிந்தவர். பழைய கொடிகளைப் பிடுங்கிப் புதிதாக நட்டார். வெள்ளை, சிவப்பு மஸ்கட் திராட்சைகளும் போன்டாக் என்ற கருந்திராட்சையும் முக்கிய ரகங்கள். கான்ஸ்டான்ஷியாவின் இனிப்பு ஒயினுக்குப் பழத்தைச் சரியான பருவத்தில் பறிப்பதில்லை. கொடியிலேயே விட்டு, காம்பை முறுக்கி, சாறு ஓட்டத்தை நிறுத்திப் பாதி உலர்ந்த திராட்சையாக்குவார்கள். நீர் குறையக் குறைய சர்க்கரை செறிகிறது. ஒரு குலையிலிருந்து கிடைக்கும் சாறு மிகச் சொற்பம். மழை ஒருமுறை தப்பி வந்தால் குலை முழுதும் அழுகும். அழுகல், பச்சைக் காய், காம்புத் துணுக்கு எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும், குருவி கொத்தாமல் பகல் முழுக்க ஆள் நிற்க வேண்டும். இவ்வளவு கையுழைப்பு கேட்கும் ஒயின் அந்த அளவில் செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம் அடிமை உழைப்பு. "கிளோட்டேயின் பொறுமை" என்று எழுதுபவர்கள் யாருடைய கைகள் குலையைப் பொறுக்கின என்பதையும் எழுத வேண்டும்.

அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன? 1652 முதல் 1808 வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 63,000 பேர். இந்தியத் துணைக்கண்டம், இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய நான்கு பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ கால் பங்கு வீதம். ஆவணங்களில் அவர்களுடைய சொந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. எஜமானர் வைத்த பெயரோடு ஊரோ கரையோ ஒட்டியிருக்கும்: சோழமண்டலம், மலபார், வங்காளம், நாகப்பட்டினம், பழவேற்காடு, தூத்துக்குடி. மாதத்தின் பெயர், ரோமானியப் புராணப் பெயர் என்று எது வாய்க்கு வந்ததோ அது. 1680-களின் பின்பாதியில் சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் சேர்ந்து வந்தபோது, கஞ்சிக்கு வழியின்றித் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற மக்களைக் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றியது. அந்த ஊர்ப் பெயர்கள் கேப் பட்டியல்களில் வருவதை நாம் தமிழில் படிக்கும்போது, அந்த மனிதர்களின் உண்மைப் பெயர் நம் மொழியில் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வராமல் போகாது. ஆனால் எச்சரிக்கை: ஊர் ஒட்டு என்பது கப்பல் ஏறிய துறைமுகத்தையும் குறிக்கும். நாகப்பட்டினம் என்று எழுதியிருப்பதால் அவர் அந்த ஊரில் பிறந்தவர் என்று முடிவு கட்டக் கூடாது.

கிளோட்டேயின் கட்டட வேலைக்கு வருவோம். வான் டெர் ஸ்டெல்லின் சுவர்களை வைத்துக்கொண்டே வீட்டின் உயரத்தையும் முகப்பையும் மாற்றினார். முன்பக்கம் வளைவுகளோடு எழும் உயர்ந்த முகப்புச் சுவர், அதன் மாடத்தில் வளமையைக் குறிக்கும் பெண் சிலை. வீட்டுக்குப் பின்னால் 1791-ல் ஒயின் கிடங்கு எழுந்தது. அதன் நெற்றியில் இருக்கும் சுதைச் சிற்பம் கேப்பின் மிகச் சிறந்த சிற்ப வேலைகளில் ஒன்று: கழுகின் மேல் கனிமீட், சுற்றிலும் குழந்தைகள். கிரேக்கப் புராணத்தில் தேவர்களுக்கு மது ஊற்றும் பையன் கனிமீட், ஆகவே கிடங்குக்குப் பொருத்தம். சிற்பத்தைச் செய்தவர் அன்டோன் அன்ரைத், ஜெர்மனியிலிருந்து கம்பெனிப் படைவீரனாக வந்தவர். கட்டட வடிவமைப்பு பிரெஞ்சுக்காரரான லூயி மிஷேல் திபோவுடையது என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது.

இந்த வகை வீடுகளின் கட்டுமானம் தெரியாமல் அவற்றின் வரலாறு புரியாது. சுவர் உடைகல், களிமண், வேகாத அல்லது அரைவேக்காட்டுச் செங்கல். கடற்கரைச் சிப்பிகளைச் சுட்ட சுண்ணாம்பில் பூச்சு, அதன் மேல் ஆண்டுதோறும் வெள்ளையடிப்பு. நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கூரை நாணல் வேய்ந்தது. நாணல் கூரை மழைநீரை வழிய விட வேண்டுமானால் ஏறக்குறைய 45 பாகை சரிவு தேவை. அந்தச் சரிவில் அகலமான அறையை மூடினால் முகடு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். கிடைத்த உத்தரங்களின் நீளமும் ஓர் எல்லை. அதனால் அறைகள் ஏறக்குறைய 6 மீட்டர் அகலத்தைத் தாண்டாமல் ஒற்றை வரிசையாகவே அமையும். இடம் போதாதபோது வீட்டைப் பக்கவாட்டிலும் பின்னாலும் சிறகு சிறகாக நீட்டுவார்கள். முகப்புச் சுவருக்கும் வேலை உண்டு: கூரை எரிந்து சரியும்போது எரியும் நாணல் வாசலின் மேல் விழாமல் அது காக்கும், உள்ளே இருப்பவர்கள் வெளியேற வழி கிடைக்கும். பரணின் தளத்தில் மரப் பலகை மேல் களிமண்ணோ செங்கல்லோ பரப்புவதும் தீக்காகத்தான்.

இப்படிப்பட்ட சுவருக்கு முதல் எதிரி தண்ணீர், இரண்டாவது எதிரி சிமென்ட். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். பழுது பார்க்கிறேன் என்று அதைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசினால், அடியிலிருந்து ஏறும் ஈரம் உள்ளேயே தங்கி களிமண் சுவர் குழையத் தொடங்கும். வெளியே பார்க்க உறுதியாகத் தெரியும். தட்டினால் பொத்தென்று ஒலிக்கும். ஒரு நாள் பூச்சு தகடு தகடாகக் கழன்று விழும், சுவரின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு. இருபதாம் நூற்றாண்டில் கேப்பின் பழைய பண்ணை வீடுகள் பலவற்றுக்கு நேர்ந்த கதி இது. இன்றும் அங்கே பழைய வீடு வாங்குபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய அறிவுரை, சிமென்ட் மூட்டையை வாசலுக்குள் விடாதீர்கள் என்பதுதான்.

கிளோட்டே 1799-ல் இறந்தார். அதற்குள் 1795-ல் ஆங்கிலேயர் கேப்பைப் பிடித்திருந்தனர். கிளோட்டேயின் பெரிய மனத்தாங்கல் கம்பெனியோடு இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட அளவு ஒயினைக் கம்பெனிக்கு அது நிர்ணயித்த விலையில் கொடுத்தாக வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் வெளிநாட்டுக் கப்பல்காரர் கொடுக்கும் விலையோ அதைவிட மிக அதிகம். ஆட்சி மாறியபின் ஆங்கிலேயரும் அந்தக் கட்டாயக் கொள்முதலை விடவில்லை. கான்ஸ்டான்ஷியா ஒயின் என்பது அரசாங்கத்துக்குப் பெரிய மனிதர்களை மகிழ்விக்கும் பரிசுப் பொருள். செயின்ட் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கு 1815 முதல் அது போனதும் உண்மை.

அதே பெயர் கொண்ட மகன் ஹென்ட்ரிக் கிளோட்டே 1818-ல் இறக்க, அவர் விதவை அன்னா கத்தரீனா ஷெல்லர் சில ஆண்டுகள் பண்ணையை நடத்தினார். இன்றைய கிளைன் கான்ஸ்டான்ஷியாவைப் பிரித்து யோஹான் கெர்ஹார்ட் என்ற மகனுக்குக் கொடுத்ததும், குரூட் கான்ஸ்டான்ஷியாவை யாகோப் பீட்டருக்கு விட்டதும் இவர் காலத்தில்தான். யாகோப் பீட்டர் கிளோட்டே அரை நூற்றாண்டுக்கு மேல், 1875 வரை, பண்ணையை வைத்திருந்தார். சரிவு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. 1813-ல் பிரிட்டன் கேப் ஒயினுக்குக் கொடுத்த வரிச் சலுகை 1825-ல் குறைந்தது. 1834 டிசம்பர் 1-ல் அடிமை முறை ஒழிந்தது, பழைய எஜமானரிடமே வேலை செய்ய வேண்டிய நான்கு ஆண்டு கட்டாயப் பயிற்சிக் காலம் 1838-ல் முடிந்தது. எஜமானர்களுக்குத்தான் இழப்பீடு, அடிமைகளுக்கு ஒன்றுமில்லை. அந்த இழப்பீடும் மதிப்பீட்டில் பாதிக்கும் குறைவு. லண்டனில் மட்டுமே வாங்க முடியும் என்பதால் தரகர்கள் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டார்கள். 1859-ல் இலைகளிலும் காய்களிலும் சாம்பல் நோய் பரவியது, கந்தகப் பொடி தூவும் வழக்கம் அதிலிருந்துதான். 1860-ல் பிரிட்டன் பிரான்ஸோடு செய்த வணிக ஒப்பந்தத்தால் பிரெஞ்சு ஒயின் மலிவாக லண்டனில் இறங்கியது. அடுத்த ஆண்டே கேப் ஒயினின் மிச்சச் சலுகையும் போயிற்று. இவ்வளவையும் தாங்க எந்தக் குடும்பத்தாலும் முடிந்திருக்காது.

1885-ல் வாரிசுகளிடமிருந்து கேப் காலனி அரசு பண்ணையை வாங்கி, அரசு மாதிரித் தோட்டமாக்கியது. வாங்கிய சிறிது காலத்திலேயே, 1886 தொடக்கத்தில், கேப் டவுனை ஒட்டிய மோப்ரேயில் ஃபில்லாக்செரா பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் வாழ்ந்து கொடியை உள்ளிருந்தே சாகடிக்கும் பூச்சி. மருந்தால் அடங்காது. ஒரே வழி, பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக்கட்டி நடுவது. அந்த வேர்ச்செடிகளை வளர்த்துக் கொடுத்த அரசுத் தோட்டங்களில் குரூட் கான்ஸ்டான்ஷியாவும் ஒன்று. விலை உயர்ந்த ஒயின் செய்து புகழடைந்த காலத்தைவிட, நாற்றங்காலாக இருந்த இந்தக் காலத்தில்தான் அந்தப் பண்ணை மற்ற விவசாயிகளுக்கு அதிகம் பயன்பட்டது என்று சொல்வேன்.

1925 டிசம்பர் 19, கோடையின் உச்சம். நாணல் கூரை தீப்பிடித்து வீடு எரிந்தது. சுவர்கள் நின்றன, உள்ளே இருந்தவை போயின. கட்டடக் கலைஞர் எஃப். கே. கெண்டல் மறுசீரமைப்பை ஏற்றார். பூச்சு உதிர்ந்து வெற்றுச் சுவர் தெரிந்ததால், யாரும் அதுவரை பார்க்க முடியாத ஒன்றை அவரால் பார்க்க முடிந்தது: பழைய சுவர், அதில் அடைக்கப்பட்ட பழைய திறப்புகள், அதன் மேல் பின்னாளைய வேலை. கிளோட்டே பழைய வீட்டை இடித்துத் தள்ளவில்லை, அதை உள்ளே வைத்தே கட்டினார் என்பது அப்போதுதான் உறுதியானது. கெண்டல் வீட்டைக் கிளோட்டே காலத் தோற்றத்துக்கே திருப்பினார். உள்ளே வைக்க ஆல்ஃபிரட் டி பாஸ் என்ற கொடையாளர் பழங்கால மரச்சாமான்களையும் பீங்கானையும் கொடுத்தார். எனவே இன்று அறைகளில் காணும் பொருள்கள் கிளோட்டே குடும்பம் பயன்படுத்தியவை என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. காலத்துக்குப் பொருந்தும் பொருள்கள், வேறு வீடுகளிலிருந்து வந்தவை.

அரசின் கையிலிருந்து 1993-ல் பண்ணை குரூட் கான்ஸ்டான்ஷியா அறக்கட்டளைக்குப் போனது. வீட்டின் அருங்காட்சியகத்தை இஸிகோ என்ற அருங்காட்சியக அமைப்பு நடத்துகிறது, பண்ணை அடிமைகளின் வாழ்க்கையும் காட்சியில் இருக்கிறது. இதற்கு இடையில் நடந்த ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1960-களில் கான்ஸ்டான்ஷியா பள்ளத்தாக்கு வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் காய்கறியும் பூவும் பயிரிட்டுவந்த கலப்பின, முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அடிமைகளின் வழித்தோன்றல்கள் பலர் அவர்களில் இருந்தார்கள்.

இதே முறையில் வேறொரு கேப் பண்ணையின் உரிமையாளர் வரிசையைத் தேட விரும்பினால், பின்னோக்கிப் போங்கள். இன்றைய பத்திரத்திலிருந்து கேப் டவுன் பத்திரப் பதிவகத்தில் ஒவ்வொரு கிரயமாகப் பின்னால் நகர்ந்து மூலப்பத்திரத்தை அடைய வேண்டும். முன்னிருந்து தொடங்கினால் பெயர் மாற்றங்களில் சிக்கி வேறு பண்ணைக்குப் போய்விடுவீர்கள். நிலம் முழு உரிமையா, கடன் நிலமா என்று முதலில் பாருங்கள். கடன் நிலம் என்றால் ஆண்டுக்குக் குறிப்பிட்ட தொகை கட்டி அனுபவிப்பது, 1732 முதல் 24 ரிக்ஸ்டாலர் (அன்றைய கேப் பணம்). அதில் விற்பனையானது வீடும் கொட்டகையும் மட்டுமே, நிலம் கம்பெனியுடையது. அப்படிப்பட்ட இடத்துக்கு முறையான கிரயப் பத்திரச் சங்கிலி இருக்காது, தேடிக் களைத்துப் போவீர்கள்.

அடுத்து கேப் ஆவணக் காப்பகத்தில் அனாதைகள் மன்றத்தின் சொத்துப் பட்டியல்கள். வயது வராத வாரிசுகள் இருந்தால், இறந்தவரின் சொத்தை மன்றத்தின் ஆட்கள் வந்து அறை அறையாக எழுதுவார்கள்: முன்னறையில் இன்னின்னது, வலப்பக்க அறையில் இன்னின்னது, சமையலறை, கிடங்கு, பிறகு மாடு, வண்டி, அடிமைகள். அறைகளின் வரிசையை வைத்து அன்றைய வீட்டின் அமைப்பை ஒரு தாளில் வரைந்துவிடலாம். இரண்டு தலைமுறைப் பட்டியல்களை ஒப்பிட்டால் எந்த அறை எப்போது சேர்ந்தது என்பதும் தெரியும். அடிமைகளின் பெயரும் வயதும் ஊரும் இங்கேதான் அதிகம் கிடைக்கும், 1816-க்குப் பிறகு தனியான அடிமைப் பதிவேடுகளும் உண்டு. ஆண்டு வரிக் கணக்குகளில் கொடிகளின் எண்ணிக்கை, ஒயின் அளவு எல்லாம் இருக்கும். ஆனால் வரிக்குப் பயந்து குறைத்துச் சொன்னவை அவை. ஏற்ற இறக்கத்தைப் பார்க்கப் பயன்படுத்துங்கள், சரியான அளவாக நம்பாதீர்கள்.

அளவுகளில் தவறுவது எளிது. ஒயின் லீகர் கணக்கில் வரும், ஒரு லீகர் ஏறக்குறைய 575 லிட்டர், "ஆம்" என்ற சிறிய அளவு நான்கு சேர்ந்தது ஒரு லீகர். பணத்தில் பொறி அதிகம்: நெதர்லாந்தின் கில்டருக்கு 20 ஸ்டைவர் என்ற சில்லறைக் காசு, கேப் கணக்கின் கில்டருக்கு 16 ஸ்டைவர். 48 ஸ்டைவர் கொண்ட ஒரு ரிக்ஸ்டாலருக்கு கேப்பில் மூன்று கில்டர். ஒரு கிரயத் தொகையை எந்தக் கில்டர் என்று பார்க்காமல் மாற்றினால் விலை கால் பங்கு கூடவோ, ஐந்தில் ஒரு பங்கு குறையவோ செய்யும். அதை வைத்து "பண்ணை நட்டத்தில் விற்கப்பட்டது" என்று எழுதினால், நடக்காத ஒரு வீழ்ச்சியை அந்தக் குடும்பத்தின் மேல் ஏற்றியதாகிவிடும்.